சாய்ஸில் விட்ட தாழி

வாங்க மக்கா, வாங்க. மூணு மணி பஸ்ஸப் பிடிச்சுட்டியளாக்கும். கொடை முடிஞ்ச மறுநாப் பந்தலு மாதிரியில்லா இருக்கு ஒவ்வொருத்தன் மொகமும்! உக்காருங்க. ஏலே கண்டக்டர் மவனே, பைய அந்தத் தொட்டிகிட்ட வைக்காத. நம்ம வெள்ளாட்டுக்கு அச்சடிச்ச தாளுன்னா அல்வா. போன மாசம் ஒரு கல்யாணக் காயிதத்தத் தின்னுட்டு. நான் மொய்யெழுதப் போகாம, அந்த வீட்டுல இன்னும் என்கிட்ட மொகங்குடுத்துப் பேசமாட்டேங்காவ.

ஆச்சி கருப்பட்டிக் காப்பி போடுதா. அதுவரைக்கும் உங்க பஞ்சாயத்த நடத்துங்க. கேட்டுக்கிட்டு இருக்கேன்.

கேக்கதுக்கு எனக்கும் உரிமை இருக்குல்லா? ஒரு மாசமா இந்தத் திண்ணைய நீங்கதான குத்தகைக்கு எடுத்திருந்திய. கரண்டு பில்லு என்னுது, கொசுக்கடி உங்களுது. நீங்க சத்தம் போட்டு வாசிச்ச வாசிப்புல, எட்டாங்கிளாஸத் தாண்டாத நான் பி.ஏ. வரலாறுல பாதிய முடிச்சுட்டேன். மீதிப் பாதியில நீங்க தூங்கிட்டிய.

சரி, கடைசிப் பேப்பரு. பண்டைய இந்திய வரலாறு. மூணு மணி நேரம், 75 மார்க்கு. எப்படி?

'கொஸ்டின் டஃப்பு'ங்கான் டெய்லர் மவன். 'அவுட் ஆஃப் சிலபஸ்'ங்கான் கண்டக்டர் மவன். நீ சிலபஸுக்குள்ள எப்பம்ல இருந்த? பாதி நாளு பாளையங்கோட்ட பஸ் ஸ்டாண்டுலல்லா இருந்த. பூக்காரி பேத்தி மட்டும் ஒண்ணும் பேசாம மூக்க உறிஞ்சிக்கிட்டு இருக்கா. இருக்கட்டும், அவளப் பெறகு கேப்போம்.

மொதல்ல நீ சொல்லுல டெய்லர் மவனே. மொகஞ்சதாரோ பெருங்குளம் வந்துதா? பத்து மார்க்கா? பலே. எத்தன பக்கம் எழுதுன? நாலரையா! ஏலே, அந்தக் குளமே 12 மீட்டரு நீளம், 7 மீட்டரு அகலம். நீ வாங்குன அடிஷனல் ஷீட்ட விரிச்சா கொளத்த மூடிப் பந்தலு போட்டிரலாமே. என்னத்தல எழுதுன? முன்னுரை, குளத்தின் அமைப்பு, குளத்தின் சிறப்பு, குளத்தின் முக்கியத்துவம், முடிவுரை. அமைப்புல எழுதுனதத்தான் சிறப்புலயும் எழுதியிருப்ப. சிறப்புல எழுதுனதத் திருப்பிப் போட்டா முக்கியத்துவம். ஒரே துணிய மூணு தடவ வெட்டி மூணு சட்டைக்குக் கூலி வாங்குத வித்தய உங்கய்யாகிட்டயே கத்துக்கிட்ட போலிருக்கு.

ஹரப்பாச் செங்கல ரயில்காரன் கொண்டுபோன கதைய எழுதுனியா? இல்லியா? அதான பாத்தேன். ருசியான சங்கதி எதுவும் உங்க கைடுக்கு ஆகாது. ஹரப்பாவுல பெரிய பெரிய மேடு. 1850கள்ல லாகூருக்கும் முல்தானுக்கும் எடையில தண்டவாளம் போட வந்தவனுக்கு அடியில கொட்டச் சல்லி வேணும். மேட்ட நோண்டிப் பாத்தான். உள்ள அருமையான சுட்ட செங்கலு. விடுவானா? வண்டி வண்டியா அள்ளிக் கொட்டிட்டான். நாலாயிரம் வருசத்துச் செங்கலு மேல ரயிலு கடகடன்னு ஓடிச்சு. அதுக்கெல்லாம் ரொம்பப் பின்னாலதான் 1921ல தயாராம் சாஹ்னி ஹரப்பாவத் தோண்டுனாரு. மறு வருசம் பானர்ஜி மொகஞ்சதாரோவத் தோண்டுனாரு. 1924ல ஜான் மார்ஷல் லண்டன் பத்திரிகையில எழுதுன பெறகுதான் ஒலகத்துக்கே தெரிஞ்சுது. ஆக, அவங்களுக்கு முந்தியே கையில எடுத்துப் பாத்தவன் ரயில்வே காண்ட்ராக்டரு. ஆனா அவன் கண்ணுக்கு அது செங்கலு, அம்புட்டுதான். இத மனசுல வச்சுக்கங்க. பின்னால ஒரு சோலி இருக்கு.

அடுத்தது கையெழுத்து. கண்டக்டர் மவன் நோட்ட நான் பாத்திருக்கேன். சிந்துவெளி எழுத்த இன்னைக்கு வரைக்கும் எல்லாரும் ஒத்துக்கிடுத மாதிரி ஒருத்தனும் வாசிச்சுக் காட்டல. வாசிக்கவனுக்குப் பத்து லட்சம் டாலர்னு 2025 சனவரியில நம்ம முதலமைச்சரே அறிவிச்சாரு. உன் பேப்பரத் திருத்தப் போற வாத்தியாருக்கு எவன் அறிவிக்கப் போறான்? அந்த மனுசனுக்கு ஒரு டீயோட சரி.

ஆனா யாருக்கும் தெரியாமப் போன எழுத்த வாசிச்சவனும் ஒருத்தன் இருக்கான். பிரின்செப்பு. அஞ்சு மார்க்குல வந்துதாமே? என்ன எழுதுன? 'ஜேம்ஸ் பிரின்செப் 1837இல் பிராமி எழுத்தைப் படித்தார். அவர் சிறந்த அறிஞர். கடின உழைப்பாளி.' ஏலே, அவருக்கு நன்னடத்தைச் சான்றிதழா கேட்டாவ? எப்படி வாசிச்சாருன்னு எழுதுனியா? ம்? மேல பாக்கான் பாரு. மேலதாம்ல விடை தொங்குது, நல்லாப் பாரு.

சாஞ்சியில ஸ்தூபியச் சுத்திக் கல்லு வேலி. அதுல அங்கங்க குட்டி குட்டியா எழுத்து. வெட்டியிருக்கது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. ஆனா முடியுத எடத்துல மட்டும் அதே ரெண்டு எழுத்து. மனுசன் யோசிச்சாரு. ஒரு கோயிலு வேலியில, கல்லுக்குக் கல்லு வேற வேறயா ஆரம்பிச்சு ஒண்ணு போல முடியுதுன்னா என்னவா இருக்கும்? அந்தா, இந்தத் திண்ணைய விட்டா நீங்க ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கொசு அடிச்சுக்கிட்டு வாசிப்பியளே, எதுத்தாப்புல நம்ம சுடலமாடன் கோயில் மண்டபம், அந்த ட்யூப் லைட்டப் பாருங்க. வெளிச்சம் வெளிய வராத அளவுக்கு என்ன எழுதியிருக்கு? இன்னார் உபயம். அடுத்த லைட்டுல இன்னொருத்தர் உபயம். பேரு மாறும், உபயம் மாறாது. அங்க அது 'தானம்'. அந்த ஒரு சொல்லு நுனியப் பிடிச்சு இழுத்தாரு, முழுச் சேலையும் வந்துட்டு. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி அசோகரு பேசுன பேச்சு ஊருக்குக் கேட்டுது. உபயத்துக்கு அடியில உக்காந்து ஒரு மாசம் வாசிச்ச பயலுக்கு, கடைசியில பிரின்செப்பு கடின உழைப்பாளி!

அசோகரு வந்தாரா? வராம இருப்பாரா. மூணு பேரும் மரம் நட்டியளா? நட்டிருப்பிய. அந்த மனுசன் சாலையோரம் ஆலமரம் வச்சேன், கெணறு வெட்டுனேன்னு தூணுல வெட்டி வச்சது நெசம்தான். ஆனா தமிழ்நாட்டுப் பிள்ளைய இத்தன வருசமாப் பரீட்சத் தாளுல நட்ட மரத்த எண்ணுனா அவரே கூச்சப்படுவாரு. நம்ம ரோட்ட அகலப்படுத்தும்போது வெட்டுன மரத்துக்கு மட்டும் ஒருத்தனும் கணக்கு எழுதல. சவத்த விடு.

நான் கேக்க வந்தது வேற. கலிங்கத்துல ஒரு லட்சம் பேரு செத்தான், ஒன்றரை லட்சம் பேரப் பிடிச்சுக்கிட்டுப் போனோம், எனக்கு மனசு ஆறலன்னு ஜெயிச்ச ராசாவே பாறையில வெட்டி வச்சிருக்காருல்லா, 13ஆவது கல்வெட்டு? அதுல ஒரு வரி எழுதுனியளா? ஜெயிச்சவன் தன் தப்பக் கல்லுல வெட்டுத வழக்கம் ஒலகத்துல எங்கயாவது உண்டுமா? நம்ம ஊருலயும்தான் கல்லு இருக்கு. 'இந்த ரோடு இன்னாரால் திறந்து வைக்கப்பட்டது'ன்னு இருக்கும். 'இதில் நாங்கள் அடித்தது இவ்வளவு'ன்னு ஒரு கல்லு பாத்திருக்கியா? அந்த அசோகரு கல்லுலயே சோழரு பேரு இருக்கு, பாண்டியரு பேரு இருக்கு, 'தம்பபன்னி வரைக்கும்'னு இருக்கு. அது இலங்கையச் சொல்லுததுன்னு படிச்சவங்க சொல்லுதாவ. சொல்லட்டும். ஆனா நம்ம தாமிரபரணிக்கும் அதே பேருதான. தெனமும் நீ சோப்புப் பெட்டியோட எறங்குத ஆத்துக்கும் பாறையில ஏறுன பேருக்கும் என்ன ஒறவுன்னு ஒரு நாளாவது உங்க பேராசிரியருகிட்ட கேட்டிருக்கலாம். சோப்பு போட நேரம் பத்தல.

ஏலே, ஏலே! அந்தா பாரு, ஆடு! நாந்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னம்லா? கொஸ்டின் பேப்பரயா? ஐயோ, போட்டும், விடு விடு, இழுக்காத. பாதி உள்ள போயிட்டு. பரவால்ல, உங்க மூணு பேரவிட அது நல்லா அசைபோடும். இனிமே 'அஞ்சாவது கேள்விக்கு நீ என்ன எழுதுன'ன்னு ஒருத்தன ஒருத்தன் கொல்ல முடியாது பாரு. உங்க சண்டையத் தீத்து வச்சுட்டு ஆடு. இந்தா, காப்பியும் வந்துட்டு. சுடச்சுடக் குடிங்க.

குப்தரு காலம் பொற்காலமான்னு ஒரு கேள்வி வந்துருக்குமே? எல்லா வருசமும் வரும், தீவாளி மாதிரி. கண்டக்டர் மவன் என்ன எழுதுன? காளிதாசரு, ஆரியபட்டரு, அஜந்தா ஓவியம், டில்லி இரும்புத் தூணு, ஆகவே பொற்காலம். நல்லாத்தான் இருக்கு. பொற்காலம்னா பவுனு என்ன வெலல? அதச் சொல்லு மொதல்ல. சிரிக்காத, நெசமாத்தான் கேக்கேன். யாருக்குப் பொன்னு? நீதான ஒரு நா ராத்திரி வாசிச்ச, சீனாவுலேருந்து பாஹியான்னு ஒருத்தர் அந்தக் காலத்துல வந்தாருன்னு. ஊருக்கு வெளிய ஒதுக்கி வச்ச சனங்க, ஊருக்குள்ள வரும்போது கட்டையத் தட்டிச் சத்தம் குடுத்துக்கிட்டே வரணும், மத்தவங்க வெலகிக்கிடதுக்குன்னு அவரு எழுதியிருக்காரு. நீ அத வாசிச்சுட்டுக் கொட்டாவி விட்ட. எனக்கு அன்னைக்குத் தூக்கம் வரல. கட்டையத் தட்டிக்கிட்டு வந்தவன் பரீட்ச எழுதியிருந்தா இந்தக் கேள்விக்கு என்ன எழுதியிருப்பான்? அவன் விடையத் திருத்த எந்த வாத்தியாருல தெம்புள்ளவன்?

எழுதுனியாட்டி நீ? எழுதுனியா! பாஹியானையா? கட்டையத் தட்டுனதையா? ம். சரி, சரி. மூக்கத் தொட. நான் ஒண்ணும் சொல்லலியே.

அடுத்தது வருசம். அங்கதான் எல்லாப் பயலுக்கும் உசுரு போவுது. அசோகரு போருக்குப் போனது கி.மு. 261ஆ 262ஆன்னு பஸ்ஸுல எறங்குத வரைக்கும் சண்டை. ஏலே, நான் பொறந்த தேதியே எனக்குத் தெரியாது. சர்ட்டிபிகேட்டுல ஜூன் ஒண்ணு. எங்க கிளாஸுல பாதிப் பேருக்கு ஜூன் ஒண்ணுதான். ஹெட்மாஸ்டரு ஒரே நாளுல எங்க எல்லாரையும் பெத்துப் போட்டுட்டாரு. தனுஷ்கோடியில புயலடிச்சு ரயிலு கடலுக்குள்ள போன வருசம் நான் ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்தேன். அதவச்சு என் வயச நீயே கணக்குப் பண்ணிக்க. மண்ணத் தோண்டி எடுத்த கரியச் சோதிக்க ஆபீசருங்களே 'கூடக்குறைய இத்தன வருசம்'னு ரெண்டு பக்கமும் எடம் விட்டுத்தான் சொல்லுதாவ. அதனால தாத்தா ஒரு புத்தி சொல்லுதேன்: வருசம் தெரியலன்னா 'ஏறத்தாழ'ன்னு எழுது. மார்க்கு கெடைக்கலன்னாலும் படிச்சவன் மாதிரி இருக்கும்.

261 தெரிஞ்சவன் ஒண்ணு சொல்லு. இந்தத் திண்ணையில இடுப்பளவு தண்ணி நின்னுதே, அது என்னைக்கு? முழிக்கான் பாரு. 2023, டிசம்பர் 17, ஞாயித்துக்கெழம. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸு எண்ணூறு பேரோட நின்னுதே, அந்த ராத்திரி. மூணு வருசத்துச் சங்கதி மறந்துட்டு, மூவாயிரம் வருசத்துச் சங்கதிக்கு மூணு மணி நேரம். இந்தச் செவத்துல கோடு தெரியுதுல்லா? ஆச்சி ரெண்டு தடவ சுண்ணாம்பு அடிச்சா, போகமாட்டேங்கு. கொல்லையில ஒரு சாணு வண்டலு கெடக்கு. பின்னால எவனாவது வந்து தோண்டுனா அத ஒரு அடுக்குன்னு எழுதுவான். அதுக்குள்ள ஆச்சியோட எவர்சில்வர் தூக்குச்சட்டி ஒண்ணு இருக்கு. இன்னும் தேடிக்கிட்டு இருக்கா. கெடைச்சா மியூசியத்துக்குத் தராதீங்கன்னு இப்பமே சொல்லி வைக்கேன்.

சரி, இப்பம் வயித்தெரிச்சலுக்கு வருவோம். பத்து மார்க்குல ஒரு கேள்வி, 'அல்லது'ன்னு போட்டு ரெண்டுல ஒண்ண எழுதணும். மேல பெருங்குளம். கீழ ஆதிச்சநல்லூரு முதுமக்கள் தாழி. அப்படித்தான? ரெண்டு பயலுவளும் கொளத்துல குதிச்சிட்டு, தாழியச் சாய்ஸுல விட்டுட்டிய. ஏன்? அதுக்குக் கைடுல ஒன்றரைப் பக்கம்தான் இருக்கு, நாலரைப் பக்கம் தைக்க முடியாது.

ஏலே, சிந்து நதி எங்க கெடக்கு, ஆதிச்சநல்லூருப் பறம்பு எங்க கெடக்கு? பரீட்ச எழுதிட்டு வந்த பஸ்ஸு அந்தப் பறம்ப ஒட்டித்தான வந்துது? 114 ஏக்கரு. ஜன்னலு சீட்டுல உக்காந்து போனத் தேய்ச்சுக்கிட்டு வந்திருப்ப. 1876ல யாகோர்னு ஒரு ஜெர்மன்காரரு கப்பலேறி வந்து, மண்ணத் தோண்டி, சாமானையெல்லாம் பெர்லினுக்குக் கொண்டுபோயிட்டாரு. பெறகு அலெக்சாண்டர் ரே வந்து நெறையத் தோண்டுனாரு. பொன்னுல செஞ்ச நெத்திப் பட்டம், வெண்கலச் சாமான், இரும்பு ஆயுதம்னு எழும்பூருக்குப் போச்சு. நம்ம ஊருத் தாழி பெர்லின் பாத்துட்டு, மெட்ராஸ் பாத்துட்டு. நீ கருங்குளம் தாண்டி ஒரு ஸ்டாப்புல எறங்கல.

2004ல மத்திய தொல்லியல்காரங்க தோண்டும்போது நான் மண்ணுச் சட்டி சொமந்தேன். ஒரே எடத்துல நூத்தி அறுபதுக்கு மேல தாழி. ஒரு தாழி மேல இன்னொரு தாழி. அந்த ஆபீசரு பல்லு வெளக்குத பிரஷ்ஷ வச்சு மண்ணத் தொடைப்பாரு. நாலு நாளு தொடைச்சாரு, நாங்க நாலு பேரு பீடி குடிச்சுக்கிட்டு 'இவருக்குச் சம்பளம் எவ்வளவு'ன்னு பேசிக்கிட்டு இருந்தோம். அஞ்சாவது நா உள்ள எட்டிப் பாத்தா, முட்டிய மடக்கி ஒருத்தரு உக்காந்திருக்காரு. எலும்புதான். ஆனா உக்காந்திருக்க தோரணையப் பாத்தா, நம்ம டீக்கடையில பேப்பர் வாசிக்க பெரியவரு மாதிரியே இருந்துது. பீடிய அணச்சிட்டோம். ஒருத்தரும் பேசல.

எங்கய்யா வேற கத சொல்லுவாரு. அந்தக் காலத்துல மனுசன் சாவே மாட்டானாம். வயசாக வயசாகச் சுருங்கிச் சுருங்கிப் பூனக்குட்டி மாதிரி ஆயிருவானாம். பெறகு ஒரு தாழியில வச்சு, சோறு தண்ணி வெளக்கு எல்லாம் வச்சு எறக்கிருவாங்களாம். கதைதான். ஆனா உங்க ஆச்சி அப்பப்ப என்ன மேலயும் கீழயும் அளவெடுத்துப் பாக்குததப் பாத்தா எனக்குக் கொஞ்சம் பயந்தான்.

ஆத்துக்கு அந்தப் பக்கம் சிவகளையில ஒரு தாழிக்குள்ள நெல்லு உமி கெடச்சுது. சோதிச்சுப் பாத்தா கி.மு. 1155. செத்தவனுக்கு நெல்லு போட்டு அனுப்பியிருக்கான். 2021ல சட்டசபையிலயே சொன்னாவ. அந்த நெல்லு எந்த ஆத்துத் தண்ணியில வெளஞ்சிருக்கும்? நீ சோப்பு போட்ட ஆத்துலதாம்ல. இத எழுத நாலரைப் பக்கம் பத்தாது. சாய்ஸுல விட்டுட்டான்.

ஏட்டி, நீதான் அந்தத் தாழிய எழுதுனியாக்கும்? அதுக்கா அழுத? ஒன்றரைப் பக்கம்தான் எழுதுனேன்னா? ஏன்? 'கண்ணால பாத்தத மட்டும் எழுதுனேன் தாத்தா, அதுக்கு மேல வரல.' எங்க பாத்த? 2023ல அங்கனயே மியூசியம் தொறந்தாங்கள்லா, பாட்டிகூடப் பூ விக்கப் போன எடத்துல கண்ணாடித் தரைக்கு மேல நின்னு கீழ பாத்தியா? பாத்துட்டுத் தலைப்புப் போடாம எழுதியிருக்க. முன்னுரை இல்லாம. போச்சு போ. கண்ணால பாத்தத எழுதுனா வாத்தியாரு எந்தக் கைடோட ஒப்பிட்டுப் பாப்பாரு?

சரி மக்கா, பரீட்சதான் முடிஞ்சுதுல்லா. இனிமே ஒரு ரகசியம் சொல்லுதேன், வெளிய போகக்கூடாது. அந்த ஆடு தண்ணி குடிக்குதுல்லா, தொட்டி, அத நல்லாப் பாருங்க. வாயி எப்படி வெளிய மடிஞ்சு அகண்டிருக்கு? செவப்பு எப்படிப் பழுத்திருக்கு? நான் சட்டி சொமந்த காலம்னு சொன்னம்லா... அதுக்கு மேல என்ன கேக்காதீங்க. பெரிய இடத்துக்குத் தெரிஞ்சா வம்பு.

ஆகா, பாருடா ஓட்டத்த! ஒரு மாசமா அதுமேல கால வச்சுக்கிட்டு உக்காந்திருந்த பயலுவ இப்பம் செருப்பக் கழத்திப் போட்டுட்டுல்லா நிக்கானுவ. எடுல போட்டோ, எடு. தொட்டுப் பாரு, மூவாயிரம் வருசம், ஏறத்தாழ. டெய்லர் மவனே, அந்த விளிம்புல இருக்க ரேகைய விரலால தடவு, எழுத்தா இருந்தாலும் இருக்கும். கண்டக்டர் மவன் கும்பிடவே ஆரம்பிச்சுட்டான்.

ஏட்டி, நீ என்ன பின்னாலருந்து குனிஞ்சு அடியப் பாக்க?

என்ன? கிட்ட வந்து சொல்லு. தாழின்னா இப்படித் தானா நிக்காதா? அடி உருண்டோ கூம்பியோ இருக்குமா? குழிக்குள்ள எறக்குனாத்தான் நிக்குமா? இது தோசக்கல்லு மாதிரி தட்டையா உக்காந்திருக்கா?

சத்தமாச் சொல்லாதட்டி. அது ஆடு மாடு தண்ணி குடிக்குத குழுதாடி. ஆச்சி நம்ம சின்னவன வயித்துல சொமந்துக்கிட்டு இருக்கும்போது சந்தையில நாப்பது ரூவாய்க்கு வாங்குனது. அவனுவ இன்னும் நாலு போட்டோ எடுத்துக்கிடட்டும். நீ இங்கன உக்காரு. உனக்கு இன்னொரு தம்ளரு காப்பி சொல்லுதேன்.

ஏலே மக்கா, தாழி காஞ்சு போயி நிக்கு பாருங்க. கெணத்துலேருந்து ஆளுக்கு ரெண்டு கொடம் கொண்டாந்து ஊத்துங்க. பைய ஊத்தணும், பழைய காலத்துச் சாமான்.